தீர்ப்புக்கு முன்பே சிறை: கூட்டம் எங்கிருந்து வருகிறது?

நாமகிரிப்பேட்டை போலீசார் ஒருவரைக் கைது செய்தால், வழக்கமாக ராசிபுரம் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்துவார்கள். ரிமாண்ட் ஆனதும் கிளைச்சிறை அல்லது சேலம் மத்திய சிறை. அவர் குற்றவாளியா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சிறைக் கணக்கில் ஒரு தலை கூடிவிட்டது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டின் சிறைகளில் இருந்த இடம் 4.36 லட்சம் பேருக்கு, அடைபட்டிருந்தவர்கள் 5.73 லட்சம். இவர்களில் 4.34 லட்சம் பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள்.

தமிழகத்தில் என்ன நிலை?

மொத்த இடத்தை வைத்துப் பார்த்தால் தமிழகச் சிறைகள் நிரம்பி வழியவில்லை. இங்கே தனித்துத் தெரிவது 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம். எஸ்.பி.யின் பரிந்துரையில் கலெக்டர் கையெழுத்திட்டால், அறிவுரைக் குழு ஏற்கும்பட்சத்தில், விசாரணையின்றி ஓராண்டு வரை அடைக்கலாம். 2022-இல் நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தமிழகத்தில்தான் இருந்தனர்.

தண்டனை நீள்கிறதா?

ஆம். ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்ற எண்ணம் தவறு. கொலை போன்ற வழக்குகளில் ஆயுள் பெற்றவரை அரசு முன்கூட்டியே விடுவிப்பதற்கான குறைந்தபட்ச வரம்புதான் அது. தண்டனைக் குறைப்பே இல்லாமல் 20, 30 ஆண்டுகள் என்று விதிக்கும் வழியை 2008-இல் உச்ச நீதிமன்றம் திறந்தது. 16 வயதுக்குட்பட்டோர் மீதான கடும் பாலியல் குற்றத்துக்கு, போக்சோ சட்டத்தின் 2019 திருத்தம் குறைந்தது 20 ஆண்டு என்கிறது. நம் நாமக்கல் மாவட்டத்தை உலுக்கிய கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022-இல் முதல் குற்றவாளிக்குக் கிடைத்தது, சாகும் வரை சிறை. உள்ளே போகிறவர்கள் கூடாவிட்டாலும், வெளியே வருவது தாமதமானால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்?

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 479, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், வழக்கில் உள்ள குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விடவேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அந்தத் தேதிக்கு முந்தைய வழக்குகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்களுக்கும், வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கும் நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. அழைக்கவேண்டிய எண் 15100. கைதான தேதியையும் வழக்குப் பிரிவையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.