கார்டு இருக்கிறதே, பரிசோதனை எதற்கு?



தேயிலைத் தோட்ட மருந்தகம் ஒன்றில் பல ஆண்டுகள் கம்பவுண்டராக வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நம் சங்கத்து அன்பர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுப் படிவங்களைப் படித்துச் சொல்வதும் நிரப்பிக் கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்தும், மூணாறு, பீருமேடு, உடும்பன்சோலைப் பக்கமிருந்தும் வரும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "கார்டுதான் இருக்கிறதே, பிறகு எதற்கு ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்?" என்பது ஒன்று. "ரத்தப் பரிசோதனைக்குக்கூடப் பணம் தராத கார்டு எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்தவரையில் விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பீடு எதற்குப் பணம் தரும்?

காப்பீடு என்பது பலர் சேர்ந்து போடும் ஒரு பொது உண்டியல். யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத பெருஞ்செலவுக்காக அது வைக்கப்பட்டது. ஆகவே நம் நாட்டுக் காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை, ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். தனியார் பாலிசிகளில் பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். கண்புரை அறுவை, டயாலிசிஸ் போன்ற ஒரே நாளில் முடியும் சிகிச்சைகள் இதற்கு விலக்கு. சிகிச்சை எதுவும் இல்லாமல் பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் தலைசுற்றல் என்று இரண்டு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையுமாகப் பில் ஏறியது. காப்பீட்டு நிறுவனமோ, "பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தவர்" என்று எழுதித் திருப்பிவிட்டது. பாலிசியில் அந்த நிபந்தனை அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. ஆங்கிலத்தில், மிகச் சிறிய எழுத்தில்.

அரசு கார்டும் பெரிதும் இப்படித்தான். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், கேரளத்தில் 2019 முதல் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. குடும்பத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. முன்பே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும். சேருவதற்கு 3 நாள் முன்பும், வீடு திரும்பிய பின் 15 நாளும் ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவும் அதில் அடங்கும். ஆனால் ஓ.பி. சீட்டு எடுத்து மருந்து வாங்குவதற்கும், நோய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கும் அந்தக் கார்டு உதவாது.

அப்படியானால் தடுப்பு எங்கே?

தடுப்பு மருத்துவம் மூன்று வகைப்படும். தடுப்பூசி போல நோயே வராமல் காப்பது முதல் வகை. வந்த நோயை அறிகுறி தெரியுமுன் கண்டுபிடிப்பது இரண்டாவது. கண்ட நோயை முற்றவிடாமல் மாத்திரையால் அடக்கி வைப்பது மூன்றாவது. நம் நாட்டில் இம்மூன்றையும் அரசு, காப்பீட்டின் வழியாக அல்லாமல் ஆரோக்கிய நிலையங்களின் வழியாகவே தருகிறது. இதற்குக் கார்டு தேவையில்லை.

கேரளத்தில் 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின்கீழ் பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்பாரோக்கிய கேந்திரங்களாக மாற்றப்பட்டன. அங்கே 'ஜீவிதசைலி ரோகம்' என்று மலையாளத்தில் பலகை தொங்கும் இடத்தைப் பார்த்து, அது வேறு யாருக்கோ உரியது என்று நம்மவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற வாழ்க்கைமுறை நோய்களைப் பார்க்கும் இடம் அதுதான். 30 வயது கடந்தவர்களுக்கு இவ்விரண்டையும், வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களையும் முன்கூட்டியே பார்ப்பது தேசியத் திட்டத்தின் பகுதி. ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து விவரம் கேட்பதும் இதற்காகவே. "வேலைக்குப் போய்விட்டார்கள்" என்று சொல்லி அவரை அனுப்பிவிடாதீர்கள்.

ரத்தக்கொதிப்பு 140/90 என்ற அளவைத் தொட்டு நின்றாலும் வலி தெரியாது, வேலை தடைப்படாது. சர்க்கரை வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதான பிறகே சிலருக்கு உண்மை தெரிகிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு டார்ச் விளக்கு போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனையும் இலவசமே. வயலிலும் சேற்றிலும் இறங்கும் பாலக்காட்டுத் தொழிலாளர்கள், எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை ஆரோக்கிய நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் சாப்பிட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸுக்கு அரசு கார்டு பணம் தரும். அந்த நிலை வராமல் தடுக்கும் மாத்திரைக்குத் தராது. ஆனால் அந்த மாத்திரை அரசு நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மலையிறங்கிப் போய்வர வேண்டும். போனவரின் கூலியையும், உடன் போனவரின் கூலியையும், பஸ் செலவையும் அந்த அரசு கார்டு திருப்பித் தராது. 5 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எந்த மாநிலத்துக் கார்டு?

எல்லையில் வாழும் நமக்கு இது தனிச் சிக்கல். ரேஷன் கார்டு தேனியிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். பிழைப்பு இங்கே இருக்கும். ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு அரிசிக்குத்தான். மருத்துவக் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பம், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மட்டும் பெயர் உள்ளவர்கள், கேரளத்து ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரள ரேஷன் கார்டின் நிறத்தை வைத்தும் முடிவு செய்துவிடக் கூடாது. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் உதவி மேசையில் கேட்டு உறுதி செய்யுங்கள். புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர் சேர்க்கப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

தடுப்புக்கு இந்த எல்லைத் தொல்லை குறைவு. குழந்தையின் தடுப்பூசி அட்டை எந்த மாநிலத்தில் எழுதப்பட்டதாக இருந்தாலும், அதைக் காட்டி அடுத்த ஊசியை இங்கே போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். விடுமுறைக்குச் செல்பவர்கள், தமிழ்நாட்டில் 1999-ல் தொடங்கி 2021-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட 'வருமுன் காப்போம்' முகாம் அருகில் நடந்தால், அதையும் விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தொழிற்சாலையும் தோட்டமும்

கஞ்சிக்கோடு போன்ற இடங்களில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. ஊழியர் பங்கு 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். மற்றக் கார்டுகளில் இல்லாத இரண்டு நன்மைகள் இதில் உள்ளன. ஓ.பி. சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும். நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, நிபந்தனைக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். சம்பளத்தில் பிடித்தம் நடந்தும் டிஸ்பென்சரிப் பக்கமே போகாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோட்டங்களில் மருத்துவ வசதி தரும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, வரையறுக்கப்படும் வயதும் பிரிவும் சேர்ந்த தொழிலாளர்களுக்கு நிர்வாகம் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்து தர வேண்டும் என்கிறது. உங்கள் எஸ்டேட்டில் அது எப்போது என்று தொழிற்சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர்களுக்கு

கடை வைத்திருப்போர், வண்டி ஓட்டுவோர் சிலர் தனியார் பாலிசி எடுக்கிறார்கள். அவர்களில் சிலர், "பாலிசி எடுக்குமுன் பரிசோதனை செய்தால் சர்க்கரை இருப்பது தெரிந்துவிடும்; பிறகு கம்பெனி மறுத்துவிடும்" என்று பரிசோதனையையே தள்ளிப் போடுகிறார்கள். இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் கம்பெனிக்குத் தெரியாமல் இருப்பதற்காக நமக்கே தெரியாமல் இருந்தால், நஷ்டம் நம் உடம்புக்குத்தான். 2024 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி, முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே நோயைச் சொல்லியே பாலிசி எடுத்து, விடாமல் புதுப்பித்தால் அந்த நோய்க்கும் பின்னர் பணம் கிடைக்கும். மறைத்து எடுத்தால், பழைய மருந்துச் சீட்டு ஒன்று வெளிவரும் நாளில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

பல பாலிசிகளில் ஆண்டுப் பரிசோதனைச் சலுகை இருக்கிறது. உங்கள் பாலிசியில் உண்டா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. புதுப்பிக்கும்போது ரசீதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம், குறிப்பிட்ட தடுப்பூசிகளையும் பரிசோதனைகளையும் தனிக் கட்டணம் வாங்காமல் செய்து தரும்படி பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களைக் கட்டாயப்படுத்தியது. அங்கே பிள்ளைகள் வேலை பார்ப்பவர்கள், "அங்கே காப்பீடே தருகிறதே" என்று கேட்பது அதனால்தான். இங்கே அந்த வேலையை நம் ஊர் ஆரோக்கிய நிலையம் செய்கிறது. வழிதான் வேறு.

செய்ய வேண்டியது

வேலைக்குப் போகாத ஒரு நாளின் கூலி போகுமே என்பது உண்மையான கஷ்டம். ஆகவே ஆண்டுக்கு ஒரு நாளைக் குடும்பமாக ஒதுக்குங்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வாய், பெண்களுக்கு ரத்தசோகையும் புற்றுநோய்ப் பரிசோதனையும், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை ஆகிய எல்லாவற்றையும் அன்றே பார்த்துவிடலாம். போகுமுன் நிலையத்தில் நாள் கேட்டுக்கொள்வது நல்லது. முடிவுகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். மலையாளப் படிவம் புரியாவிட்டால் வெட்கப்படாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

காப்பீட்டு அட்டையை அலமாரியில் பத்திரமாக வையுங்கள். அதை எடுக்கும் நாள் தள்ளிப் போக வேண்டும் என்றால், அந்த நோட்டை ஆண்டுக்கொரு முறை எடுக்க வேண்டும்.