இரவு 1 மணிக்கு நண்பனின் மெசேஜ்: என்ன பதில் சொல்வது?

செமஸ்டர் தேர்வு நேரம். இரவு 1 மணிக்கு வகுப்புத் தோழனிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ்: ‘முடியலடா. எதுவுமே பிடிக்கல.’ கல்லூரி கவுன்சிலர் அறை மாலையிலேயே பூட்டியாச்சு. கையில் இருப்பது போன் மட்டும்தான்.

சக மாணவர் ஆதரவு என்பது சிகிச்சை அல்ல. காது கொடுத்துக் கேட்பது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்ற பதில் பேச்சை அங்கேயே முடித்துவிடும். ‘என்னடா ஆச்சு, சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு குரூப்பில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்பாதீர்கள்.

‘நான் இல்லாமப் போனா நல்லது’ என்ற தொனி வந்தால்? ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அவனைத் தனியாக விடாமல், விடுதிக் காப்பாளரையோ பெற்றோரையோ எழுப்புங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நண்பனுக்காக நீங்களும் அழைக்கலாம்.

சொன்னதற்காக அவன் கோபப்பட்டால் படட்டும். சமாதானம் பேச நாளைக்கு அவன் இருக்க வேண்டும்.