எண்ணும் இசையும் மின்வழங்கலும்

இசையென்பது காற்றின் அசைவு. வீணையின் நரம்பும் மிருதங்கத்தின் தோலும் காற்றை அசைக்க, அவ்வசைவு செவிப்பறையைச் சேர்ந்து ஒலியாக உணரப்படுகின்றது. இவ்வசைவைப் பதிந்து மீட்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877ஆம் ஆண்டில் அமைத்தார். அன்று தொட்டு ஒரு நூற்றாண்டு காலம் ஒலி மெழுகிலும் இசைத்தட்டிலும் காந்த நாடாவிலும் பெரும்பாலும் அலையுருவிலேயே பதியப்பட்டு வந்தது. 1982ஆம் ஆண்டிலே குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபோது அலை எண்ணாக மாறி மக்கள் கைக்கு எட்டியது. இன்று கணினியிலே சேர்த்து வைக்கப்படும் பாட்டுக்கள் யாவும் எண்களின் நீண்ட வரிசைகளே. அவ்வெண்களை மின்னலையாக்குதற்கு ஒரு கருவியும், அம்மின்னலைக்கு ஹெட்போனை இயக்கத்தக்க வலுவை அளித்தற்கு மற்றொரு கருவியும் வேண்டப்படும். முன்னையதை 'டாக்' என்றும் பின்னையதை ஹெட்போன் பெருக்கி என்றும் வணிகர் வழங்குவர்.

மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் இக்கருவிகள் இக்காலத்தில் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. ஆயினும், வாங்கியோர் பலர் சின்னாளில் மனக்குறை அடைகின்றனர். இரைச்சல் கேட்கின்றது, உரத்த இடங்களில் ஒலி சிதைகின்றது, சிலவேளை கருவியே கருகி விடுகின்றது. உடனே, மலிந்த பொருளின் குற்றமெனக் கருதி, விலை மிக்க வேறொன்றை நாடுகின்றனர். ஆராய்ந்து பார்க்குமிடத்து, குறையிற் பெரும்பகுதி கருவிக்குள் இருப்பதன்று. அதற்கு மின்னூட்டிய முறையிலும், ஒன்றோடொன்று பொருத்திய முறையிலும் இருப்பதென்பது புலனாகும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'டாக்' செய்யும் தொழிலை நோக்குக. குறுந்தட்டில் ஒலியலை ஒரு செக்கனில் 44,100 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோரளவும் 16 இருமவிலக்கங்களால், அதாவது 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகின்றது. ஓரலையை முற்றாக மீட்டற்கு அதன் உச்ச மீடிறனின் இரு மடங்கிற்கு மேற்பட்ட முறை அளத்தல் போதுமென்னும் உண்மைக்கு நைக்குவிசுற்று 1928இல் அடிகோலினார். சனன் 1949இல் அதனைத் தெளிவாக நிறுவினார். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஏர்ட்சு வரையுள்ள ஒலிகளையே கேட்கவல்லது. ஆதலால் 44,100 என்னும் எண் போதியதாயிற்று. மேலும், ஒவ்வோர் இருமவிலக்கமும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தருமாதலின், 16 இலக்கங்கள் 96 டெசிபெல் வீச்சைத் தரும். இந்த அளவை எட்டும் சில்லுகள் இன்று மிக மலிவானவை. எனவே, 'டாக்' என்னும் பகுதிக்குப் பெருஞ்செலவு செய்தல் வேண்டுவதில்லை.

பெருக்கியின் தொழில் வேறு. பெருக்கி சிறிய ஒலியைப் பிடித்து ஊதிப் பெரிதாக்குகின்றதெனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது குளத்து மதகை ஒத்தது. மதகைத் திறப்பவன் கையிலே பெருவலு இல்லை. வாய்க்காலில் ஓடும் நீர் குளத்து நீரே. அதுபோல, 'டாக்'கிலிருந்து வரும் நலிந்த அலை திறப்பவன் கையாகும்; ஹெட்போனுக்குள் ஓடுவது மின்வழங்கியிலிருந்து வரும் மின்னேயாகும். குளம் வற்றினால் மதகை எவ்வளவு திறந்தும் பயனில்லை. குளத்து நீர் கலங்கினால் வாய்க்கால் நீரும் தெளியாது. செவியிற் கேட்பது சுவர்க்குதையிலிருந்து வந்த மின்னே, இசையின் உருவிலே அளந்து விடப்பட்டது என்பதை உணர்ந்தோர்க்கு, மின்வழங்கலின் முதன்மை தானே விளங்கும்.

இனி, எவ்வளவு மின் வேண்டும் என்பது கணித்தறியத்தக்கது. 1 மில்லிவாற்று வலுவுக்கு 100 டெசிபெல் ஒலி தரும் 32 ஓம் ஹெட்போன் ஒன்றைக் கொள்க. இசையின் உச்சங்களில் 110 டெசிபெல் எழ வேண்டுமாயின் 10 மில்லிவாற்று வேண்டும். அதற்கு ஏறத்தாழ 0.57 வோல்ற்று அழுத்தமும் 18 மில்லியம்பியர் ஓட்டமும் போதும். 1 வோல்ற்றுக்கு 100 டெசிபெல் தரும் 300 ஓம் ஹெட்போனாயின், அதே உச்சத்துக்கு ஏறத்தாழ 3.2 வோல்ற்றும் 10.5 மில்லியம்பியரும் வேண்டும். முன்னதைச் சாதாரணக் கைப்பேசியும் இயக்கும். பின்னதற்கு அதன் அழுத்தம் எட்டாது. பெயர்பெற்ற பையர்டைனமிக் நிறுவனத்தின் டி.ரி. 880 என்னும் ஒரே வகை ஹெட்போன் 32, 250, 600 ஓம் என மூவேறு தடைகளில் விற்கப்பட்டது. எனவே, பெருக்கியின் தேவையை ஹெட்போனின் பெயரைக் கொண்டு துணிதல் தவறு. அதன் தடையையும் உணர்திறனையும் கொண்டே துணிதல் வேண்டும்.

பெருக்கியின் உட்டடையும் கவனிக்கற்பாலது. பல ஹெட்போன்களின் தடை எல்லா மீடிறன்களிலும் ஒன்றாயிராது. 32 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒன்று தாழ்ந்த சுருதியில் 64 ஓம் ஆகலாம். பெருக்கியின் உட்டடை 120 ஓம் ஆயின், அவ்விடத்தில் ஒலி 4 டெசிபெலுக்கு மேல் உயர்ந்து, மிருதங்கத்தின் தொப்பி வேண்டாத முழக்கம் பெறும். உட்டடை 1 ஓம் ஆயின், வேறுபாடு 0.13 டெசிபெல் மாத்திரமே. அது செவிக்குப் புலனாகாது. ஹெட்போனின் தடையில் எட்டிலொரு பங்கிற்கு மேற்படாத உட்டடையே தக்கதென்பது பொதுவிதி.

இவ்விதிகளுக்கெல்லாம் ஏற்ற எடுத்துக்காட்டு 'ஒப்ஜெக்ரிவ் 2' அல்லது ஓ2 என்னும் பெருக்கியாகும். தம் பெயரை வெளியிடாது 'என்.டபிள்யூ.ஏ.வி. கை' என்னும் புனைபெயரில் எழுதிய ஒருவர் 2011ஆம் ஆண்டில் இதன் மின்சுற்றை எவரும் கட்டிக்கொள்ளுமாறு வெளியிட்டார். எளிய உறுப்புக்களைக் கொண்டு, அளவைகளால் ஆராய்ந்து அமைக்கப்பட்ட இக்கருவி, பன்மடங்கு விலையுள்ளவற்றோடு ஒப்பநின்றது. இதனோடு இணைத்தற்கென ஓடாக் என்னும் 'டாக்' 2012இல் வந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கியும் விற்றனர்.

ஓ2 பெருக்கிக்குச் சுழியத்திற்கு மேல் 12 வோல்ற்றும் கீழ் 12 வோல்ற்றுமாக இருதிற மின் வேண்டும். இதனை அது நூதனமான எளிய வழியாற் பெறுகின்றது. சுவரிற் செருகும் அடப்டர் நேரோட்டத்தை அளியாது, ஆடலோட்டத்தையே அளிக்கின்றது. அவ்வோட்டத்தின் மேற்பாதியை ஓர் இருவாயி ஒரு கொள்ளளவியில் நிரப்ப, கீழ்ப்பாதியை மற்றோர் இருவாயி வேறொரு கொள்ளளவியில் நிரப்புகின்றது. பின்னர் 7812, 7912 என்னும் இரு நிலைநிறுத்திகள் அவற்றை மாறாத 12 வோல்ற்று ஆக்குகின்றன.

இங்கே ஓர் இடர் உண்டு. இலங்கையில் மின் 230 வோல்ற்று, 50 ஏர்ட்சு. ஆகவே, ஒவ்வொரு கொள்ளளவியும் 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையே நிரம்பும். கொள்ளளவம் 1000 மைக்குரோபரட்டு எனவும் ஓட்டம் 100 மில்லியம்பியர் எனவும் கொண்டால், அவ்விடைவெளியில் அழுத்தம் 2 வோல்ற்று குறையும். 12 வோல்ற்று அடப்டரின் உச்சம் ஏறத்தாழ 17. இருவாயியிற் கழிவது 0.7; குறைவு 2; எஞ்சுவது 14.3. நிலைநிறுத்தி செவ்வனே இயங்க ஏறத்தாழ 14 வேண்டும். கணக்கு மயிரிழையிலே தப்புகின்றது. மாலை வேளையில் வீட்டு மின் 200 வோல்ற்றுக்கு இறங்கினால் எஞ்சுவது 12 மாத்திரமே; நிலைநிறுத்தி தளர்ந்து, 50 ஏர்ட்சு உறுமல் இசையோடு கலக்கும். 15 வோல்ற்று அடப்டர் ஆயின், அதே 200 வோல்ற்றிலும் 15.7 எஞ்சும்; உறுமல் எழாது. ஓ2 12 முதல் 20 வோல்ற்று வரை ஏற்பதாதலின், மின் தாழும் ஊர்களில் 15 அல்லது 16 வோல்ற்று அடப்டரைத் தெரிதல் அறிவுடைமை. இரைச்சலைப் போக்கப் புதுக் கருவி வாங்குவோர் பலருக்கு வேண்டியது இச்சிறு மாற்றமே.

அடப்டரை மாற்றுவோர் இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. முதலாவது, 5.5 மில்லிமீற்றர் பருமனுள்ள செருகி ஆடலோட்ட அடப்டருக்கும் நேரோட்ட அடப்டருக்கும் பொதுவானது. செருகி பொருந்துவதால் மின் பொருந்துமெனக் கொள்ளலாகாது. ஓ2 போன்ற கருவிக்கு நேரோட்டம் கொடுத்தால் ஒரு திறத்து மின் மாத்திரமே உண்டாகும்; நேரோட்டக் கருவிக்கு ஆடலோட்டம் கொடுத்தால் அது பழுதாகக்கூடும். இரண்டாவது, ஆடலோட்ட அடப்டரின் உள்ளே இருப்பது இரும்பகணியில் கம்பி சுற்றிய நிலைமாற்றி. மடிக்கணினியின் அடப்டரைப் போல 100 முதல் 240 வரை எதனையும் ஏற்கும் இயல்பு அதற்கில்லை. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் அன்போடு கொணரும் கருவிகளின் அடப்டர் 120 வோல்ற்றுக்கு உரியது. செருகியின் வடிவை மாற்றி 230 வோல்ற்றிலே பொருத்தினால் அது சூடேறிக் கருகும், தீயும் பற்றலாம். முகப்பிற் பொறித்த எழுத்தைப் படித்த பின்னரே செருகுதல் வேண்டும்.

'டாக்' பெரும்பாலும் கணினியின் யூ.எஸ்.பி. வாயிலிருந்தே மின் பெறும். யூ.எஸ்.பி. 2.0 வாய் 5 வோல்ற்றில் 500 மில்லியம்பியர், அதாவது 2.5 வாற்று வழங்கும், 3.0 வாய் 900 மில்லியம்பியர், அதாவது 4.5 வாற்று வழங்கும். 'டாக்'குக்கு இது தாராளம். எனினும், கணினியின் பிற உறுப்புக்கள் எழுப்பும் சலனமும் அதே வழியே வரும். சுட்டியை அசைக்குந்தோறும் கீச்சொலி கேட்குமாயின், வேறு வாய்க்கு மாற்றிப் பார்த்தல் வேண்டும். தனி மின் பெறும் பகிர்வியினூடு இணைத்தலும் சிலவேளை பயன்தரும்.

உறுமலுக்கு மற்றொரு காரணம் புவித்தொடுப்பு வளையமாகும். புவித்தொடுப்புள்ள கணினியும் புவித்தொடுப்புள்ள வேறொரு கருவியும் வெவ்வேறு குதைகளிலே மின் பெற்று, ஒலிக்கம்பியாலும் தொடுக்கப்படின், இரு வழிகளும் ஒரு வளையமாகி அதிலே வேண்டாத ஓட்டம் பாயும். எல்லாவற்றையும் ஒரே குதைத்தொகுதியிற் பொருத்தினால் பெரும்பாலும் இது தணியும். புவிக்கம்பியை வெட்டிவிடுதல் உயிருக்கு ஆபத்தானது. அதனை எக்காரணத்தாலும் செய்யலாகாது. குற்றம் எங்குளதென அறிதற்கு ஓ2 ஒரு நல்வாய்ப்பைத் தருகின்றது. அதனுள் 9 வோல்ற்று மின்கலம் இரண்டு வைத்தும் இயக்கலாம். அடப்டரைக் கழற்றியவுடன் உறுமல் நின்றால் குற்றம் மின்வழங்கலைச் சார்ந்தது. நில்லாவிடின் இணைப்பைச் சார்ந்தது. 2022ஆம் ஆண்டில் நாடோறும் பல மணிநேரம் மின் தடைப்பட்டது போன்ற காலத்திலும் இம்மின்கலங்கள் உதவும்.

இறுதியாக, பெருக்க மடங்கைப் பொருத்துதல். ஓடாக் தரும் உச்ச அழுத்தம் 2 வோல்ற்று. ஓ2 பெருக்கியில் 2.5 மடங்கு, 6.5 மடங்கு என இரு நிலைகள் வழக்கமாக உண்டு. முன்னதில் 5 வோல்ற்று உண்டாகும். பின்னதில் 13 வோல்ற்று வேண்டப்படும். அக்கருவியாலோ ஏறத்தாழ 7 வோல்ற்றுக்கு மேல் இயலாது. ஆகவே அலையின் முகடுகள் வெட்டுண்ணும். ஒலியளவுத் திருகி பெருக்கத்துக்குப் பின்னே அமைந்திருத்தலின், திருகியைத் தாழ்த்தினும் சிதைவு நீங்காது. உயர்நிலை மேலானதென்று கருதித் தெரிவோர் இங்ஙனம் கெடுக்கின்றனர். கணினியின் ஒலியளவை உச்சத்தில் நிறுத்தி, பெருக்க மடங்கைத் தாழ்நிலையில் வைத்து, திருகியால் அளவு செய்தலே முறை. இயக்கும்போது முதலில் 'டாக்', அடுத்துப் பெருக்கி, திருகி சுழியத்தில் நிற்க ஈற்றில் ஹெட்போன் என்ற ஒழுங்கையும், நிறுத்தும்போது இதன் மறுதலையையும் கைக்கொண்டால், திடீரென எழும் அதிர்வொலியிலிருந்து செவி காக்கப்படும்.

செவியைக் காத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணிநேரமும், அதன் மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அதிற் பாதிப்பாதி நேரமுமே கேட்கலாமென்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவகம் 1998இல் விதந்துரைத்தது. இதன்படி 100 டெசிபெல் ஒலியைக் கேட்கத்தக்க நேரம் 15 நிமிடம் மாத்திரமே. தெளிவான பெருக்கி சிதைவின்றி ஒலித்தலால், அளவு மிகுந்தமை கேட்போனுக்குத் தெரியாமலே போகும். இழந்த செவிப்புலனை எந்தக் கருவியும் முற்றாக மீட்டுத் தராது.

ஆகவே, சிறுதொகை கொண்டு நல்லிசை கேட்க விழைவோர், ஹெட்போனின் தடையை அறிந்து, அதற்கேற்ற பெருக்கியைத் தெரிந்து, அப்பெருக்கிக்கு ஏற்ற அடப்டரை எழுத்துப் பார்த்துப் பொருத்துவாராக. எஞ்சிய பணத்தை நல்ல ஹெட்போனுக்குச் செலவிடுதல் தகும். ஏனெனில், மின் மீண்டும் காற்றின் அசைவாக மாறுவது அங்கேதான்.