தலைவியின் மௌனத்துக்குப் பொருள் யாது?

சில திங்களுக்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதில், பழைய மாணவர் ஒருவர் கண்டி வாவிக்கரையில் என்னைச் சந்தித்தார். அவரும் இப்போது ஆசிரியர். நலம் உசாவிய பின்னர் நெடுநேரம் தயங்கி நின்று, "ஐயா, குழந்தை பிறந்தபின் மனைவிக்கு என்மேற் பழைய விருப்பம் இல்லை. மனம் மாறிவிட்டாளோ என்று அஞ்சுகிறேன்" என்றார். தந்தையை இழந்தவர், கேட்பதற்கு வேறொருவர் இல்லை. குழந்தைக்கு ஐந்து திங்கள். மனைவியார் கடுகண்ணாவையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து கண்டியிலே தொழில் புரிகிறார். வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மாமனாரும் மாமியாரும், மற்றையதில் இவர்களும் குழந்தையும்.

அவ்வேளை என் நினைவில் எழுந்தது, பரணர் பாடிய அகநானூற்று 122ஆம் பாட்டு. இரவுக்குறியில் தலைவனைக் காண முடியாத தலைவி தடைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறாள். ஊர் அடங்கினால் அன்னை துயில்வதில்லை. அன்னை துயின்றாற் காவலர் துயில்வதில்லை. நாய் குரைக்கும், நாய் அடங்கினால் நிலவு பகல்போல எறிக்கும், நிலவு மறைந்தாற் கூகை குழறும், பின்னர்க் கோழி கூவும். இவையெல்லாம் ஓய்ந்த ஒருநாளிலோ தலைவன் வருவதில்லை! இத்தலைவிக்கு வேட்கை இல்லை என்று சொல்வார் உளரோ? குறைந்தது வேட்கையன்று, வாய்ப்பே.

தன் வேட்கையைத் தலைவன்முன் சொல்லால் உரைத்தல் தலைவிக்கு இல்லை என்றார் தொல்காப்பியர். புதுக்கலத்துப் பெய்த நீர் புறத்தே கசிவதுபோல அது குறிப்பால் வெளிப்படும் என்பது உரைகாரர் விளக்கம். இவ்விதியைக் கொண்டு பெண்ணுக்கு வேட்கையே இல்லையெனத் துணிந்தாரும் உளர். சொல்லாமை வேறு, இல்லாமை வேறு. வெள்ளிவீதியார் பாடியனவாக இன்று கிடைக்கும் 13 பாடல்களே இதற்குச் சான்று. ஆயினும் நம் வகுப்பறைகளில் அப்பாடல்களுக்குச் சொற்பொருள் கூறி விரைந்து கடந்துவிடுகிறோம். யானும் அவ்வாறு கடந்தவனே.

இன்றைய மருத்துவம் வேறுசில தடைகளையும் அறிந்துள்ளது. பாலூட்டும் தாயின் உடலிற் புரோலாக்டின் மிகும், ஈஸ்ட்ரஜன் குறையும். அதனால் வேட்கை தணிதலும், கூடும்போது நோவுண்டாதலும் இயல்பு. மகப்பேற்றின் பின்வரும் மனச்சோர்வு, தைரொயிட் குறைபாடு, மாதவிடாய் நிற்குங் காலம், மனச்சோர்வுக்கு உண்ணும் சில மருந்துகள் ஆகியனவும் வேட்கையைக் குறைக்கும். கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மரி பாசன் 2000ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். வேட்கை எப்போதும் முன்னர்த் தோன்றவேண்டும் என்பதில்லை. அணுக்கமும் நம்பிக்கையும் முதலில் வர, வேட்கை அவற்றின்வழித் தோன்றுதலும் பெண்ணுக்கு இயல்பே என்பது அதன் சாரம்.

உடல் மட்டுமன்றி, உறையுளும் இதிற் பங்குகொள்கிறது. கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களின் பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை. விடியுமுன் எழுந்து, சமைத்து, பகலெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்து மீளும் பெண்ணுக்குத் தனிமை ஏது? ஓய்வுதான் ஏது? பரணர் கூறிய அன்னையும் காவலரும் அங்கே ஒரே கூரையின்கீழ்த் துயிலாதிருக்கின்றனர்.

மனம் புண்பட்டவிடத்தும் வேட்கை மறையும். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்குத் தலைவி வாயில் மறுத்தலை மருதப் பாடல்கள் இழித்துரைக்கவில்லை. மறுத்தற்கு அவளுக்கு உரிமையுண்டு, காரணமும் உண்டு. மணம் முடித்தமையாற் பெண்ணின் விருப்பம் கணவனுக்கு இறுக்கவேண்டிய கடனாகிவிடாது.

இவற்றுட் சிலவற்றை அம்மாணவருக்குச் சொன்னேன். பின்னர், "தம்பி, குழந்தை இரவில் அழுதால் எழுபவர் யார்?" என்றேன். "அவதான், ஐயா" என்றார். "உமக்கு என்ன செய்கிறது, எது வருத்துகிறது என்று அவரை ஒருநாளாவது கேட்டதுண்டா?" என்றேன். அவர் வாவியைப் பார்த்தபடி நின்றார்.

"குழந்தையைப் பார்க்க வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அவர் கூச்சமின்றிப் பேசலாம், வேண்டுமாயின் வைத்தியரிடமும் காட்டலாம். எனினும் இன்றிரவு குழந்தையை நீர் வாங்கிக்கொள்ளும். அவர் முதலிற் சற்றே உறங்கட்டும். பின்னர் அவரையே கேளும்" என்று சொல்லி விடைகொடுத்தேன்.

தலைவியின் மௌனத்துக்கு உரையெழுத நாம் விரைகிறோம். அவ்வுரையை அவள் வாயாற் கேட்டறிதலே முறை.