வரியை உயர்த்துக என்று ஊரார் கேட்கலாமா?

புதுச்சேரி நகரின் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாதார் சிலரே. முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்து சேர்ந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் எழுப்பப்பட்டது அது. தன் மாளிகையை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டுவித்த ஆயி என்னும் பெண்ணின் பெயரை அது தாங்கி நிற்கிறது என்பது வழிவழி வந்த செய்தி.

ஒருத்தியின் தியாகத்தால் ஒரு குளம் உண்டாகலாம். ஆனால் அக்குளத்தை ஆண்டுதோறும் தூர் வாருவதற்கும், கரையைக் காப்பதற்கும், நீரைக் கொண்டு செல்லும் வழியைப் பழுது பார்ப்பதற்கும் ஓயாது பணம் வேண்டும். அதை ஒருவருடைய கொடையினால் நடத்த இயலாது. யாவரும் சக்திக்கேற்பச் சிறு பங்கு தர வேண்டும். அப்பங்கிற்கே வரி என்று பெயர்.

வரியைக் குறைக்க வேண்டும் என்று மகஜர் கொடுப்பதை நாம் அறிவோம். வரியை உயர்த்துக என்று குடிமக்களே கேட்பதும் உண்டு. அது நியாயமும் ஆகலாம். எப்பொழுது நியாயம், எவ்விதம் கேட்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி தரும் பாடம்

புதுச்சேரிப் பகுதியில் ஊசுடு, பாகூர் ஆகிய பெரிய ஏரிகள் உள்ளிட்ட 84 ஏரிகள் உள்ளன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவற்றைப் பராமரிப்பதில் ஆயக்கட்டு உழவர்களின் சங்கங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. உழவர்கள் தத்தம் பங்கைப் பொதுநிதியில் செலுத்தினர். அந்நிதியிலிருந்து ஏரிப் பணிகள் நடைபெற்றன. பணம் கொடுத்தவனே பயனையும் கண்டான், கணக்கையும் கேட்டான்.

பிற்காலத்தில் இப்பொறுப்பு அரசாங்கத் துறைகளைச் சார்ந்தது. சங்கங்கள் தளர்ந்தன. பங்கு கொடுக்கும் வழக்கம் நின்றதும், ஏரியைப் பற்றிக் கேட்கும் வழக்கமும் நின்றது. வாய்க்கால்கள் தூர்ந்தன, ஆக்கிரமிப்புகள் பெருகின. இறுதியில், 1999ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய நாடுகளின் உதவியுடன் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. ஏரிதோறும் மீண்டும் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. நம் ஏரியைச் சீர்திருத்தக் கடல் கடந்து உதவி வர வேண்டியதாயிற்று! உதவி ஒரு முறை வரும். தூர் ஆண்டுதோறும் சேரும். இதனை உழவர் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வரும் வழிகள்

"எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டுமே" என்பார் உளர். அரசாங்கத்தின் பணப்பெட்டி எவ்வாறு நிறைகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு வகுப்பது, அரசியல் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி அமையும் நிதிக் குழு. புதுச்சேரியோ யூனியன் பிரதேசம். சட்டமன்றம் இருந்தும், மாநிலங்களைப் போல் அப்பங்கு அதற்கு இல்லை. மத்திய அரசு அளிக்கும் மானியமும், தன் சொந்த வருவாயும், கடனுமே அதன் வழிகள்.

2017 ஜூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், மாநிலங்களும் புதுச்சேரியும் தாமே கூட்டவும் குறைக்கவும் கூடிய வரிகள் சிலவாகச் சுருங்கின. பெட்ரோல், டீசல் மீதான வரி, மது மீதான தீர்வை, முத்திரைத் தாள் கட்டணம், வாகன வரி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஊராட்சி அமைப்புகளுக்கு வீட்டு வரி, தொழில் வரி போன்றவை உண்டு. தொழில் வரியும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று அரசியல் சட்டமே வரையறுத்துள்ளது. ஆதலின் ஊர்ச் சேவைகளுக்கு வீட்டு வரியே முதன்மையான ஊன்றுகோல் எனலாம்.

ஒரு வருவாய் போனால் வேறொன்று தேட வேண்டும் என்பதற்குச் சென்னை மாகாணமே சான்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி மந்திரிசபை, கள், சாராய வருமானத்தை இழந்தது. அவ்விழப்பை ஈடு செய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தனர். ஆயினும் அவ்வரியே பிற்காலத்தில் மாகாணத்தின் பெரிய வருவாயாக வளர்ந்தது.

மக்களே கேட்ட வரி

வரியை உயர்த்துமாறு மக்கள் கேட்டதற்கு அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அங்குப் பள்ளிகளுக்கான நிதி ஆண்டுக்காண்டு வெட்டப்பட்டது. ஆசிரியர் சங்கத்தாரும் பொதுமக்களும் வரியை உயர்த்தக் கோரிக் கையொப்பம் திரட்டினர். ஆளுநர் ஜெர்ரி பிரவுனும் அத்தகைய திட்டம் ஒன்றை முன்வைத்தார். இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன.

அத்திட்டம் இரு பகுதிகளை உடையது. ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் வருமானம் உடையோரின் வருமான வரி 7 ஆண்டுகளுக்கு உயரும். விற்பனை வரி 4 ஆண்டுகளுக்கு நூற்றுக்குக் கால் வீதம் உயரும். மக்கள் இதனை ஏற்காவிடின் சுமார் 600 கோடி டாலர் செலவு, பெரும்பாலும் கல்விச் செலவு, வெட்டப்படும் என்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 55 பேர் அளவில் ஆதரித்தனர். 2016இல் மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது, செல்வர் மீதான வரியை 2030 வரை நீட்டிக்க மக்கள் இசைந்தனர். எல்லோரையும் தாக்கும் விற்பனை வரி உயர்வு நீட்டிக்கப்படவில்லை.

எதற்காக வரி, எவர் மீது, எத்தனை ஆண்டு, கொடாவிட்டால் எது நின்றுபோகும் என்னும் நான்கும் தெளிவாகச் சொல்லப்பட்டன. நாம் கற்க வேண்டியது இதுவே.

ஓர் ஊரின் கணக்கு

விளங்கும் பொருட்டு, 500 வீடுகள் உள்ள ஊர் ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். 200 சிறு வீடுகள் ஆண்டுக்கு 60 ரூபாயும், 250 நடுத்தர வீடுகள் 100 ரூபாயும், 50 பெரிய கட்டடங்கள் 300 ரூபாயும் வரி செலுத்துகின்றன. மொத்தம் 52,000 ரூபாய். குடிநீர் மோட்டார் பழுதடைகிறது, தெருவிளக்குகள் அணைகின்றன, பணம் போதவில்லை.

சிறு வீடுகளின் வரியைத் தொடாமல், நடுத்தர வீடுகளுக்கு 150 ரூபாயாகவும், பெரிய கட்டடங்களுக்கு 600 ரூபாயாகவும் உயர்த்தினால் மொத்தம் 79,500 ரூபாய் ஆகும். கூடுதலாகக் கிடைக்கும் 27,500 ரூபாயில் 15,000 ரூபாய் அந்த 50 கட்டடங்களிலிருந்தே வருகிறது. நடுத்தர வீட்டாருக்கு ஏறும் சுமை மாதம் 4 ரூபாய்க்குச் சற்று அதிகம். குழாய் நின்றுவிட்டால் தண்ணீரை விலைக்கு வாங்கும் குடும்பம் எவ்வளவு செலவிடும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணமுள்ளவன் லாரித் தண்ணீர் வாங்குவான். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புவான். பொதுச் சேவை குலைந்தால் முதலில் வாடுவது ஏழைக் குடும்பமே. வரிக்குப் பயப்படும் ஏழைக்கு, வரி வசூலாகாமையே அதிகத் தீங்கு செய்கிறது.

கேட்கும் முறை

முதலாவது, பாக்கியை வசூலிக்க வேண்டும். பெரிய வீட்டார் பாக்கி வைத்திருக்க, ஒழுங்காகச் செலுத்துவோர் மீது மேலும் சுமத்துவது அநீதி.

இரண்டாவது, கணக்கைப் பலகையில் எழுதி ஊர் நடுவே வைக்க வேண்டும். "கொடுத்த பணம் எங்கே போயிற்று?" என்று கேட்பவனை விரோதியாக நினைக்கலாகாது. அவனே ஊரின் காவலன்.

மூன்றாவது, உயர்வை ஒரு குறிப்பிட்ட பணியுடன் பிணைத்துத் தீர்மானம் எழுத வேண்டும். "குடிநீருக்காக, இத்தனை ஆண்டுகளுக்கு, இவ்வளவு" என்று இருத்தல் நலம். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய கிராம சபை நாட்கள் இதற்கு ஏற்றவை.

நான்காவது, மாநில அளவிலும் குரல் எழுப்ப வேண்டும். ஊர் தன் பங்கைச் செலுத்துகிறது என்று காட்டிய பின்னரே, ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும் பள்ளிக்கும் போதிய நிதி ஒதுக்குக, அதற்காக வசதியுள்ளோர் மீது வரி கூட்டினும் ஆதரிப்போம் என்று துணிந்து சொல்ல இயலும்.

இவற்றுக்கெல்லாம் மக்கள் பிரதிநிதிகள் அவசியம். புதுச்சேரியில் 1880ஆம் ஆண்டிலேயே கொம்யூன் ஆட்சி முறை ஏற்படுத்தப்பட்டது. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இருந்தும் 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டோரின் காலம் 2011இல் முடிவுற்ற பின்னும் மீண்டும் நீண்ட இடைவெளி நேர்ந்தது. தான் தேர்ந்தெடுத்தவரிடம் வரி கொடுப்பவன் மனமுவந்து கொடுப்பான், கணக்கும் கேட்பான். தேர்தல் வேண்டும் என்று கேட்பதும், வரி செலுத்துவோம் என்று சொல்வதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

நன்கொடையினால் பள்ளிக் கட்டடம் எழும். ஆசிரியரின் மாதச் சம்பளம் வரியினால்தான் வரும். ஊராட்சி உறுப்பினர்கள் வாக்குக்கு அஞ்சி வரியைப் பற்றிப் பேசாதிருத்தல் கூடாது. வரவு செலவை மக்கள் முன் வைத்து, எந்தச் சேவை எதனால் நிற்கும் நிலையில் உள்ளது என்பதை ஒளியாது சொல்வார்களாக. உழவர் பெருமக்களும் அடுத்த கிராம சபைக்குத் தவறாது வந்து, கணக்கைக் கேட்டு, நியாயமான உயர்வைத் தாமே முன்மொழிவார்களாக.