சுற்றுலாப் பெருக்கும் திருவில்லிபுத்தூர் மரபும்

ஓர் ஊரின் பழஞ்சிறப்பைக் காண வருவோர் பெருகப் பெருக, அவர்கள் காண வந்த சிறப்பே உருமாறத் தொடங்குதல் இன்று உலகெங்கும் காணப்படும் நிலையாகும். கொரிய நாட்டின் ஜொன்ஜு நகரில் 'ஹனோக்' எனப்படும் மரபுவழி ஓட்டு வீடுகள் எழுநூறு அளவில் ஒருங்கே உள்ளன. பயணிகள் பெருகியபின் அங்கே வாழ்வதற்கெனக் கட்டிய வீடுகள் பல கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறின. சியோல் நகரின் புக்சோன் பகுதியிலோ, மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 10 மணி வரை பயணிகள் சில தெருக்களில் நுழையலாகாது என 2024 நவம்பரில் கட்டுப்பாடு வந்தது. தம் வீட்டில் அமைதியாக உறங்குவதற்கும் சட்டத்தின் துணை வேண்டியதாயிற்று!

நம் இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் அவ்வூர்களோடு ஒப்பிடுதல் மிகையெனத் தோன்றலாம். ஆயினும் திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இவ்விரு ஊர்களையும் தொட்டே செல்கிறது. சாரற் காலத்தில் குற்றாலம் செல்வோரும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்வோரும் இவ்வழியே திரளாக வருவர். இராசபாளையம் பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்; வருவோரை நம்பி வாழ்வதன்று. திருவில்லிபுத்தூரின் நிலை வேறு.

இன்று அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவில் பலர் நாவில் எழுவது பால்கோவாவே. பாலும் சர்க்கரையும் அன்றி வேறொன்றும் வேண்டாத பண்டம் அது. வேண்டுவதெல்லாம் அடுப்பின் முன் நின்று இடைவிடாது கிளறும் பொறுமை. 2019ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். அப்பொறுமையைக் காக்குமா என்பது வேறு வினா. வண்டியை நிறுத்தி, கோபுரத்தைத் தொலைவிலிருந்தே நோக்கி, பொட்டலத்தோடு புறப்படுவோர் பலர். நாமும் அவ்வாறு சென்றதுண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

சதுரகிரி மலையின் வரலாறு இன்னும் கடுமையானது. 2015 மே மாதம் காட்டாற்று வெள்ளத்தில் அடியவர் சிலர் உயிரிழந்த பின்னரே, மலையேறும் நாளும் நேரமும் வரையறுக்கப்பட்டன. 2021இல் புலிகள் காப்பகமான காட்டுக்கு அவ்வரையறை நன்மையே செய்தது எனலாம்.

இனி, ஆண்டாள் கோயிலுக்குள் நிகழும் ஒன்றை நோக்குவோம். ஆண்டாளின் கையில் விளங்கும் கிளி நாள்தோறும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூவே அதன் அலகு. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருவோரின் கைத்திறன் அது. செய்து முடிக்கச் சில மணி நேரம் ஆகும். பால்கோவாவைப் பத்துக் கடைகளில் நூறு அடுப்புகளில் பெருக்கலாம். இக்கிளியை அவ்வாறு பெருக்க இயலாது. சந்தை தான் பெருக்கக்கூடியதையே பெருக்கும். ஏனையவற்றைக் கடந்து போகும். 11 நிலைக் கோபுரத்தைப் படமெடுப்போருள் கிளியைப் பற்றிக் கேட்பவர் எத்தனை பேர்?

அரையர் சேவையின் நிலையும் இதுவே. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, தாளமிசைத்து, பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அக்கலை, தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே இன்று நிலைத்துள்ளது. அதுவும் ஒருசில குடும்பங்களின் வழியே. அதைக் கற்கப் பல்லாண்டுகள் வேண்டும். இருந்து கேட்பதற்கோ ஓர் இரவேனும் ஊரில் தங்க வேண்டும். வருவோரின் வண்டிகளோ பொழுது சாயுமுன் தென்காசிச் சாலையில் விரைந்துகொண்டிருக்கின்றன.