கோடையில் கோவில்பட்டியின் மாலை

சித்திரை, வைகாசி வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி எடுத்த காடுகள் வெறுமையாக நிற்கும். பொழுது சாய்ந்ததும் கோவில்பட்டிக்காரர்கள் பலருக்கு ஒரே திசைதான்: கிருஷ்ணா நகர் செயற்கை இழை ஹாக்கி மைதானம்.

லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி மே மாதத்தில் இங்கேதான் நடக்கிறது. ரயில்வே, கடற்படை என்று பெரிய அணிகள் வந்து இறங்கும். மின்னொளியில் ஆட்டம் சூடுபிடிக்கும். பள்ளி விடுமுறையில் இருக்கும் சிறுவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

ஆட்டம் தொடங்குமுன் இந்தச் செயற்கை இழைத் தரையை நீரால் நனைக்க வேண்டும். அப்போதுதான் பந்து சீராக, வேகமாக ஓடும். விழுந்தாலும் தோல் அவ்வளவாக உராயாது. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்துசேரும் ஊர் இது. இங்கே அந்த ஈரத்தின் அருமை எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் கோவில்பட்டியில் இருக்கிறது. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். மாரீஸ்வரன் இந்த மண்ணின் பிள்ளை. ஜகார்த்தாவில் நடந்த அந்தப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி. இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது.

இப்போதும் மைதானத்து ஓரத்தில், மட்டையைத் தோளில் சாய்த்தபடி, தங்கள் முறைக்காகச் சிறுவர்கள் காத்திருக்கிறார்கள்.